ஓராண்டு முழுவதும் கடற்கரை ஓய்வு: இலங்கையில் எந்தப் பருவத்திற்கு எந்தக் கரை?

வாசுகி, ரொறன்ரோ

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை என் பெற்றோருடன் இலங்கையில் தங்கப் போகிறேன். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 70. யாழ்ப்பாணத்தில் சித்தப்பாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதில் இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை புறப்பட்டு, ஏதேனும் ஒரு கடற்கரையில் பத்து நாட்கள் அளவில் தங்கி இளைப்பாற வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

இளைப்பாறுதல் என்று நான் சொல்வது மிக எளிய விடயம். அப்பா முழங்கால் அளவு நீரில் அச்சமின்றி நிற்க வேண்டும். அம்மா நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பக்கத்தில் படுத்துப் புத்தகம் படிக்க வேண்டும். அலைச்சறுக்கு, முக்குளிப்பு, படகு விளையாட்டு எதுவும் எங்களுக்கு வேண்டாம்.

இவ்வளவு சிறிய ஆசைக்கு ஏன் பலரிடம் ஆலோசனை கேட்கிறேன் என்றால், ஒருமுறை சூடுபட்டவர்கள் நாங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில், படங்களைப் பார்த்து மயங்கித் தென்மேற்குக் கரையில் ஒரு விடுதியில் ஒன்பது நாட்களுக்கு முன்பணம் கட்டினோம். விடுதியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஆண்டு முழுவதும் அமைதியான கடல் என்று விளம்பரத்தில் இருந்தது. நாங்கள் போன நாள் முதல் திரும்பிய நாள் வரை கரையில் சிவப்புக் கொடி இறங்கவே இல்லை. படங்களில் கண்ட அகன்ற மணற்பரப்பில் பாதியைக் காணவில்லை. அலை தென்னை மரங்களின் வேர்வரை வந்து போனது. சாளரத்தைத் திறந்தால் உப்புத் தூவல் முகத்தில் அடித்தது. அப்பா ஒரு நாள்கூடக் காலை நனைக்காமல் திரும்பினார்.

ஆகவே என் கேள்வி இது: மாதத்துக்கு மாதம் கடல் எப்படி மாறுகிறது? எந்தக் காலத்தில் எந்தக் கரையில் இருந்தால் முதியவர்கள் நிம்மதியாக நீரில் நிற்க முடியும்? அங்கேயே வாழ்பவர்களின் சொல்லைக் கேட்க விரும்புகிறேன்.

நிலாவெளியான்

வணக்கம் அக்கா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளியில் மூன்று அறைகள் கொண்ட சிறிய விடுதி உண்டு. எனவே எங்கள் ஊரைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் ஏமாந்த ஜூலை மாதத்தில் எங்கள் கடல் குளம் போலக் கிடந்திருக்கும். ஒரே தீவு, ஒரே நாள். ஆனால் மேற்கே சிவப்புக் கொடி, கிழக்கே குழந்தைகள் நீரில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். இதை விளம்பரங்கள் சொல்வதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு விடுதிக்காரனுக்கும் பன்னிரண்டு மாதமும் அறை நிரம்ப வேண்டும். என் விடுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி வரை நான் கதவைச் சாத்திவிடுகிறேன். அந்த மாதங்களில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று நேரே கரையில் வந்து மோதும். கடல் கலங்கிப் பழுப்பாகும். மணல் அரிக்கப்பட்டுக் கரை ஒடுங்கும். எதிரே உள்ள புறாமலைத் தீவுக்குப் படகும் ஓடாது. மகாவலி ஆறு எங்களுக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலப்பதால், பெருமழைக்குப் பின் மரக்கட்டையும் செடிகொடியும் குப்பையும் கரையோரங்களில் ஒதுங்கிக் கிடப்பதையும் காணலாம். வாடகை பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று எவராவது ஜனவரியில் அழைத்தால், அந்தப் பாதி விலைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்கு நாட்காட்டி வேண்டுமென்றால் மீனவர்களைப் பாருங்கள். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்கும் காலத்தில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் தங்கள் கரையில் தொழில் செய்ய முடியாமல் படகுகளையும் வலைகளையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே வருவார்கள். கரையில் ஓலையாலும் தகரத்தாலும் வாடி அமைத்து ஐந்தாறு மாதங்கள் தங்கித் தொழில் செய்துவிட்டு, வாடை எழும்புமுன் திரும்பிப் போவார்கள். இது பல தலைமுறைகளாக நடந்து வரும் இடப்பெயர்வு. இதனால் உள்ளூர் மீனவர்களுக்கு உண்டாகும் உரிமைப் பிணக்குகள் வேறு பெரிய கதை, அதை இங்கே இழுக்கவில்லை. ஆனால் கடலை நம்பிப் பிழைப்பவர்கள் எந்த மாதத்தில் எந்தக் கரைக்கு மாறுகிறார்களோ, அந்த மாதத்தில் அந்தக் கரைக்கு நீங்களும் மாறினால் தவறு நேராது.

எங்கள் பக்கத்தில் உங்களுக்கு உகந்த காலம் ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை. ஓகஸ்டில் மட்டும் பாடசாலை விடுமுறைக் கூட்டம் மிகுதி. வார இறுதியில் புறாமலைக்குச் செல்லும் படகுகள் வரிசையில் நிற்கும். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தச் சிறு தீவின் பவளப் பாறைகளை, அங்கே போகும் கூட்டமே மிதித்துச் சேதப்படுத்துகிறது என்பது எங்களில் பலருக்கு உள்ள மனவருத்தம். கரையில் உடைந்த பவளத் துண்டுகள் காலைக் குத்தும் என்பதால் அப்பாவை அங்கே அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. நிலாவெளி மணலே அவருக்குப் போதும்.

இன்னொரு சிறிய குறிப்பு, அம்மாவின் நாற்காலிக்காக. கிழக்குக் கரையில் பிற்பகலில் சூரியன் நமக்குப் பின்னால் போய்விடும். மூன்றரை, நான்கு மணிக்குத் தென்னை, சவுக்கு மரங்களின் நிழல் நீண்டு மணலில் விழுந்துவிடும். கடல் வெளிச்சத்தில் இருக்க, நாம் நிழலில் அமர்ந்து பார்க்கலாம். மேற்குக் கரையில் அந்த நேரத்தில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். சூரிய அத்தமனம் அழகு என்று எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். எழுபது வயதில் நிழல்தான் அழகு என்பது என் எண்ணம்.

மட்டுநகர் ஆசிரியர்

நிலாவெளித் தம்பி அனுபவத்தால் சொன்னதற்கு, முப்பது ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன் என்ற முறையில் சில காரணங்களைச் சேர்க்கிறேன்.

இலங்கை ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் இருப்பதால், இங்கே கோடை, குளிர் என்ற பிரிவுக்கு அதிகம் பொருளில்லை. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரம் அளவில்தான். கடல் நீரின் வெப்பமும் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை வரை நிற்கிறது. வற்றுப் பெருக்கும் ஒரு மீற்றருக்குக் குறைவானதே. எனவே மகள் வாசுகி கண்ட மணல் இழப்பு, வற்றுப் பெருக்கால் நேர்ந்ததன்று, பருவ அலைகளால் நேர்ந்தது. ஆக, இந்தத் தீவில் பருவத்தைத் தீர்மானிப்பது வெப்பமன்று, காற்றும் அது கொண்டுவரும் மழையும்தான்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, இவற்றுக்கு இடையில் மார்ச், ஏப்ரல் ஓர் இடைப்பருவம், ஒக்டோபர், நவம்பர் மற்றோர் இடைப்பருவம் என வானிலையாளர் நான்காகப் பிரிப்பார்கள். நம் மக்கள் அதற்கும் முன்பே சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். கச்சான் என்றதும் கோயில் திருவிழாவில் வாங்கிக் கொறிக்கும் நிலக்கடலையை நினைத்துவிட வேண்டாம். இது மேற்கிலிருந்து வீசும் காற்று. எங்கள் மட்டக்களப்பில் ஆனி, ஆடி மாதங்களில் இதன் ஆட்சிதான்.

கச்சானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் ஓய்வு இதைப் பொறுத்திருக்கிறது. அரபிக்கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று நடுவிலுள்ள மலைநாட்டில் மோதி மேலெழுந்து, இரத்தினபுரிப் பக்கத்திலும் மேற்குச் சரிவுகளிலும் மழையைக் கொட்டிவிடுகிறது. 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலையையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் கடந்து கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. இறங்க இறங்க அது மேலும் சூடாகிறது. அந்த உலர்ந்த காற்றுதான் கச்சான். வழமையாகப் பதினொரு மணியளவில் கடலிலிருந்து வந்து நம்மைக் குளிர்விக்க வேண்டிய கடற்காற்றையும் அது தடுத்து நிறுத்திவிடும். அப்படிப்பட்ட நாட்களில் மட்டக்களப்பில் வெப்பம் 37, 38 பாகையைத் தொடும்; உதடு வெடிக்கும்; துவைத்த வேட்டி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

ஆனால் கடலுக்கு இதே காற்று நன்மை செய்கிறது. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரத்தில் அலை திரண்டு எழுவதற்கு வேண்டிய நீர்ப்பரப்பு அதற்குக் கிடைப்பதில்லை. பாசிக்குடாவில் ஜூலை மாதத்துக் கடல் கண்ணாடி போல இருப்பதற்கு இதுவும், வளைந்த குடாவின் அமைப்பும், நீண்ட தூரம் ஆழம் கூடாத அடித்தரையும் சேர்ந்து காரணமாகின்றன. நூறு மீற்றர் நடந்தும் இடுப்பு நனையாத இடங்கள் அங்கே உண்டு. அப்பாவுக்கு இலங்கையில் இதைவிட நல்ல கடல் கிடைக்காது. ஒரே ஓர் எச்சரிக்கை: கரையிலிருந்து வெளியே வீசும் காற்று, காற்றடைத்த மெத்தைகளையும் வளையங்களையும் ஓசையில்லாமல் ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அலை இல்லாத கடலில் ஆபத்து இராது என்று நம்பி, மெத்தையில் படுத்துக் கண்ணயர்ந்தவர்கள் மீன்பிடிப் படகில் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதே கிழக்குக் கரையில் தெற்கே பொத்துவிலுக்கு அருகில் உள்ள அறுகம் குடாவுக்கு மட்டும் அந்த மாதங்களில் போக வேண்டாம். இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் எழும் பேரலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடிவந்து அங்குள்ள முனையில் வளைந்து உடைகின்றன. அலைச்சறுக்குக்காரர்கள் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அங்கே கூடுவது அதற்காகத்தான். உங்கள் மூவருக்கும் அது உரிய இடமன்று. அம்மா முருக பக்தை என்றால், கதிர்காமத் திருவிழாவுக்கு முன் ஒகந்தை வழியாகக் காட்டுக்குள் நடந்து செல்லும் பாதயாத்திரிகர்களைக் காண ஒரு நாள் அப்பக்கம் போய் வரலாம்.

காலியில் ஒருவன்

வணக்கம். பணி நிமித்தமாகப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தென்மேற்குக் கரையில் வாழ்கிறேன். மேலே இருவரும் எங்கள் கரையை முற்றாகத் தள்ளிவைத்துவிட்டதைப் போலத் தோன்றுகிறது. அதனால் எங்கள் பக்க நியாயத்தையும் கேளுங்கள்.

டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் கடைசி வரை பெந்தோட்டை, இக்கடுவை, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ, தங்காலை ஆகிய கரைகளில் வேறொரு கடலைக் காண்பீர்கள். வாடைக்காற்றுக்கு இப்போது நாங்கள் மலைக்குப் பின்புறம். சோளகம் தின்ற மணலைக் கடல் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்துவிடும். ஓகஸ்டில் பத்து அடியாக இருந்த கரை பெப்ரவரியில் கிரிக்கெட் ஆடும் அளவுக்கு அகன்றுவிடும். நீங்கள் படங்களில் பார்த்தது பொய்யன்று. அது பெப்ரவரிப் படம். ஜூலையில் அதைக் காட்டி அறை விற்றதுதான் பொய்.

ஆனாலும் எங்கள் கடல் பெப்ரவரியிலும் குளமாக இருக்காது, திறந்த சமுத்திரம்தான். தெற்கே எங்களுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடையில் நிலமே இல்லை. ஆகவே முதியவர்களோடு வருபவர்கள், பாறைத் தொடர் காவல் காக்கும் இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாத்தறைக்கு அருகில் பொல்ஹேனவில் அலைகள் தொலைவிலுள்ள பாறைத் தொடரிலேயே உடைந்துவிடுவதால், உள்ளே இடுப்பளவு ஆழத்தில் ஒரு பெரிய தடாகம் போல நீர் நிற்கிறது. உள்ளூர்க் குடும்பங்கள் பாட்டிமாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அங்கேதான் குளிக்க வருவார்கள். இக்கடுவையிலும் பவளப் பாறைக்கு உட்பட்ட பகுதி அமைதியானது. அது 2002 முதல் தேசியப் பூங்கா. 1998இல் கடல்நீர் சூடேறியபோது அங்குள்ள பவளத்தில் பெரும்பகுதி வெளிறி அழிந்தது என்பதால், பழைய வண்ணங்களை எதிர்பார்க்க வேண்டாம். கரைவரை வரும் ஆமைகளைப் பார்க்கலாம். அவற்றுக்குக் கடற்பாசி ஊட்டச் சொல்லிப் பணம் கேட்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

நீங்கள் பயந்த சிவப்புக் கொடியைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் கரையில் உயிர்களை எடுப்பது பெரும்பாலும் உயரமான அலையன்று. அலைகளுக்கு இடையில் அமைதியாகத் தெரியும் இடைவெளிதான். கரைக்கு வந்த நீர் அந்த இடைவெளியின் வழியாகத்தான் கடலுக்குள் திரும்பி ஓடுகிறது. இரு பக்கமும் வெண்ணுரை இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையின்றிக் கருமையாகத் தெரிந்தால் அங்கே கால் வைக்கக் கூடாது. அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் நிற்கும் கரைகளில் அவர்களிடமே கேட்டு, அவர்கள் காட்டும் எல்லைக்குள் இறங்குங்கள்.

மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் போகும். ஆழ்கடலில் நான்கைந்து மணி நேரம் ஆடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பெற்றோரைக் கரையில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பக்கம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். ஒரே நாளில் ஓட வேண்டாம். தொடருந்தில் கொழும்புக்கு வந்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் கரையோரத் தொடருந்தில் கடல் பக்க இருக்கையில் அமர்ந்து வந்தால், ஓய்வு கொழும்பிலேயே தொடங்கிவிடும். பௌர்ணமி நாட்கள் பொது விடுமுறை என்பதால் அந்த வார இறுதிகளில் இருக்கைக்கு முன்பதிவு அவசியம்.

வாசுகி, ரொறன்ரோ

நிலாவெளித் தம்பிக்கும், ஆசிரியர் ஐயாவுக்கும், காலி அண்ணாவுக்கும் மிக்க நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கச்சான் பகுதியைக் கேட்டதும், தான் வந்தாறுமூலையில் படித்த காலத்தில் அந்தக் காற்றில் கூரை ஓடு சூடேறி இரவு முழுவதும் தூங்காமல் கிடந்ததாகச் சொன்னார்.

இரண்டு சந்தேகங்கள் மீதம் இருக்கின்றன. நாங்கள் வந்து இறங்குவது ஜனவரி முதல் வாரம். பயணக் களைப்புத் தீர ஒரு மாதமாவது யாழ்ப்பாணத்தில் இருந்தாக வேண்டும். அந்த மாதத்தில் யாழ்ப்பாணத்துக் கடற்கரைகளால் பயன் உண்டா? அடுத்தது, ஒக்டோபர், நவம்பரில் எங்கே போவது என்று எவரும் சொல்லவில்லையே?

வல்வெட்டித்துறைப் பட்டம்

எவரும் சொல்லாததற்குக் காரணம், சொல்ல எதுவும் இல்லை என்பதுதான். ஒக்டோபரில் மழை இரண்டு கரைகளுக்கும் பொது. அந்த இடைப்பருவ மழைக்கு ஒரு பழக்கம் உண்டு: பெரும்பாலும் காலை வெளித்திருக்கும், மதியத்துக்குப் பின் மேகம் திரண்டு மாலையில் இடியோடு கொட்டும். ஆகவே தென்மேற்குக் கரையில் காலை ஆறு முதல் பதினொரு மணி வரை மட்டும் கடற்கரை, பிறகு விறாந்தையில் புத்தகம் என்று வைத்துக்கொண்டால் ஒக்டோபரைக் கழிக்கலாம். நவம்பர் வேறு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் உருவாகும் காலம் அது. மட்டக்களப்பைச் சிதைத்த 1978ஆம் ஆண்டுச் சூறாவளி வந்தது நவம்பர் 23ஆம் திகதி. மன்னாரையும் அக்கரையில் தனுஷ்கோடியையும் இன்னொரு சூறாவளி தாக்கியது 1964 டிசம்பரில். அந்த வாரங்களில் முதியவர்களை அழைத்துக்கொண்டு கிழக்கிலோ வடக்கிலோ கரையோர அறையில் தங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சித்தப்பாவின் வீட்டில் மழையைப் பார்த்துக்கொண்டு, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் குடியுங்கள்.

ஜனவரிக்கு வருவோம். பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறை வரையான வடகரையில் வாடை நேரே அடிக்கும். நீரில் இறங்கும் காலமல்ல. ஆனால் கடற்கரை என்பது நீரில் இறங்குவதற்கு மட்டும்தானா? அந்த வாடையைத்தான் எங்கள் ஊர் பட்டம் ஏற்றுவதற்குப் பயன்படுத்துகிறது. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவுக்கு அம்மாவையும் அப்பாவையும் அழைத்து வாருங்கள். ஆளுயரத்தைவிடப் பெரிய பட்டங்களைப் பத்துப் பேர் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். கப்பல், விலங்கு, பறவை என்று அவரவர் கற்பனை வானத்தில் நிற்கும். குடையை மட்டும் எடுத்துவர வேண்டாம், அதுவும் பட்டமாகிவிடும்.

அப்பாவுக்குக் கால் நனைக்க வேண்டுமென்றால் கீரிமலைக் கேணி இருக்கிறது. பக்கத்தில் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்க, மதிலுக்கு இப்பால் நன்னீர் ஊற்று அமைதியாக நிரம்பி நிற்கும். படியில் பாசி வழுக்கும் என்பதால் கையைப் பிடித்து இறக்குங்கள். வேலணையின் தென்பக்கத்தில் உள்ள சாட்டிக் கடற்கரையும் வாடைக்கு முதுகைக் காட்டியிருப்பதால் ஜனவரியில் வடகரையைவிட அமைதியாக இருக்கும். காரைநகர் கசூரினாவை ஏப்ரல், மே மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். கசூரினாவில் நெடுந்தூரம் நடந்தாலும் நீர் மார்புக்கு ஏறாது. சவுக்கு மரங்களின் கீழ் நிழலும் உண்டு, வழியில் நுங்கும் கிடைக்கும். ஆனி, ஆடியில் சோளகம் புழுதியை அள்ளி வீசும் என்பதால் அப்போது கிழக்கே போய்விடுங்கள்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு சிறு மறுப்பு. இடைப்பருவம் என்று மார்ச், ஏப்ரலை நீங்கள் ஒன்றாகச் சொன்னீர்கள். கிழக்கில் மார்ச் தொடக்கத்தில் வாடையின் மிச்சம் இன்னும் இருக்கும். அப்போது அங்கே அறை எடுத்துவிட வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

மட்டுநகர் ஆசிரியர்

ஏற்றுக்கொள்கிறேன். பங்குனிக் கடைசிக்குப் பின்புதான் எங்கள் கடல் முழுதாக அடங்கும். என்றாலும் ஏப்ரல் மாதத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரு பருவக்காற்றும் ஓய்ந்திருப்பதால் தீவைச் சுற்றி எந்தக் கரையிலும் கடல் அமைதியாக இருக்கக்கூடிய ஒரே மாதம் அது.

நிலாவெளியான்

ஐயா சொல்வது கடலுக்குச் சரி, மனிதருக்குச் சரியில்லை. ஏப்ரல் முதற்பாதியில்தான் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. பருவக்காற்று ஓய்ந்த வானம், உச்சி வெயில், உடம்பை ஒட்டும் வியர்வை என்று மூன்றும் சேர்ந்துகொள்ளும். அதன்மேல் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. 13, 14ஆம் திகதிகளைச் சுற்றிய ஒரு வாரத்துக்கு எங்கள் பக்கத்தில் அறையும் கிடைக்காது, கிடைத்தால் வாடகையும் இரட்டிப்பு. அறை விற்பவனான நானே சொல்கிறேன், அந்த வாரத்தில் வராதீர்கள். புத்தாண்டை யாழ்ப்பாணத்தில் கொண்டாடிவிட்டு இருபத்தைந்துக்குப் பின் வாருங்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகப் பிடித்தது செப்டம்பர் நடுப்பகுதி. கூட்டம் வீடு திரும்பிவிடும். கடல் இன்னும் கலங்கியிராது. மாலையில் கரைவலை இழுக்கும்போது கயிற்றைப் பிடிக்க ஆள் போதாமல் விருந்தினரையும் கூப்பிடுவார்கள். சில நாட்களில் சொறி எனப்படும் இழுதுமீன் ஒதுங்கும் என்பதால், நீரில் இறங்குமுன் வலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாசுகி, ரொறன்ரோ

அப்பா ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டார். ஜனவரியில் வல்வெட்டித்துறைப் பட்டமும் கீரிமலையும். பெப்ரவரி நடுவில் பொல்ஹேன, பத்து நாட்கள். நான் மட்டும் ஒரு நாள் மிரிஸ்ஸவுக்குப் போவேன். ஏப்ரல் கடைசியில் கசூரினாவுக்குப் பகல் பயணங்கள். ஜூலையில் பாசிக்குடா, ஏனென்றால் ஜூலையில் நனையாமல் போன கால்களுக்கு ஜூலையிலேயே ஈடு கட்ட வேண்டும் என்கிறார். செப்டம்பரில் நிலாவெளி. ஒக்டோபர், நவம்பருக்கு நேரே அம்மா தன் கையால் ‘கூழ்’ என்று எழுதியிருக்கிறார்.

நிலாவெளித் தம்பி, செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து பத்து நாட்களுக்கு உங்களிடம் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்குமா? அப்பாவுக்குப் படி ஏற முடியாது. மாலை நான்கு மணிக்கு நிழல் விழும் இடத்தில் மூன்று நாற்காலிகளும் வேண்டும்.

நிலாவெளியான்

கீழ்த்தளம் மட்டும்தான் இருக்கிறது அக்கா. மாடி கட்டப் பணம் சேரவில்லை. நாற்காலிகள் நான்கு உண்டு. கரைவலைக்கு அப்பா கட்டாயம் வர வேண்டும், கயிற்றின் கடைசியில் நின்றால் போதும்.